அயல் தெய்வமும் கதைச் சுவையும்

சென்ற மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. தலைநகரின் குளிருக்கு அஞ்சிக் கதவைச் சாத்திக்கொண்டு அமர்ந்திருந்தேன். எங்கள் அரசுக் குடியிருப்பில் எதிர் வரிசையில் வாழும் நண்பர் ஒருவர், செய்தித்தாளில் பொதிந்த புத்தகம் ஒன்றுடன் வந்தார். அவரும் நானும் நெல்லைச் சீமைக்காரர்கள். வெவ்வேறு அமைச்சகங்களில் எழுத்தர்கள். அவர் மூன்று தலைமுறையாகக் கிறித்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவர்; நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். பல்லாண்டு நட்பில் சமயம் எங்களிடையே ஒரு வினாவாக எழுந்ததே இல்லை. அன்று எழுந்தது.

"அண்ணாச்சி, இந்தப் புத்தகத்தை என் மகள் நம் சங்க நூலகத்திலிருந்துதான் எடுத்து வந்திருக்கிறாள். நூலகப் பொறுப்பு உங்களுடையது என்பதால் கேட்கிறேன். இதிலே மதுவைக் கையில் வைத்துக்கொண்டு ஆடுகிற தெய்வம் வருகிறது. மரங்களுக்கெல்லாம் தேவதை இருக்கிறது. ஆறு எழுந்து பேசுகிறது. எழுதியவர் பெரிய கிறித்தவ அறிஞர் என்கிறார்கள். பிள்ளை விளக்கை அணைக்காமல் படிக்கிறாள். வாங்கி வைத்துவிடட்டுமா, விட்டுவிடட்டுமா?" என்றார்.

புத்தகம், சி. எஸ். லூயிஸ் என்ற ஆங்கிலப் பேராசிரியர் 1951-இல் வெளியிட்ட 'பிரின்ஸ் காஸ்பியன்' என்னும் சிறுவர் புதினம். நார்னியா என்னும் கற்பனை நாட்டைப் பற்றிய ஏழு நூல்களுள் இரண்டாவதாக வெளிவந்தது. "மூன்று நாள் அவகாசம் கொடுங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

நண்பர் கேட்டது ஒரு புத்தகத்தைப் பற்றி மட்டுமன்று. தான் வணங்காத தெய்வங்கள் உலவும் கதையை ஒருவன் விரும்பிச் சுவைப்பது அவன் நம்பிக்கைக்குச் செய்யும் துரோகமா? அந்த இன்பம் குற்றமற்றதா? பல மொழியும் பல சமயமும் சூழ்ந்த ஊர்களில் பிள்ளைகளை வளர்க்கும் நம்மைப் போன்றோர் இவ்வினாவை என்றேனும் எதிர்கொண்டே தீர வேண்டும்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். நார்னியா என்பது பேசும் விலங்குகளும், மரத் தேவதைகளும், இடைக்கு மேல் மனிதனும் கீழே ஆடுமான வனவாசிகளும் வாழ்ந்த நாடு. அதை அயலார் வென்று ஆள்கின்றனர். காட்டையும் கடலையும் கண்டு அஞ்சும் அவர்கள், பழங்கதைகளெல்லாம் பொய் என்று சாதிக்கின்றனர். அரண்மனையில் வளரும் சிறுவன் காஸ்பியனுக்கு அவனுடைய செவிலித்தாய் அக்கதைகளை இரகசியமாகச் சொல்கிறாள். செய்தி தெரிந்ததும், அரசனாக அமர்ந்திருக்கும் சிற்றப்பன் அவளை அரண்மனையை விட்டே அகற்றிவிடுகிறான். பின்னர் வந்த ஆசிரியர் ஒருவரால் அக்கதைகள் மெய் என்று காஸ்பியன் அறிகிறான். காடு புகுந்து பழைய நார்னியரின் தலைவனாகிறான். முடிவில் அஸ்லான் என்னும் சிங்கம் வருகிறது. உறங்கிய மரங்கள் விழிக்கின்றன. ஆற்றுத் தெய்வம் தலை தூக்கித் தன் விலங்கை அகற்றுமாறு வேண்ட, கிரேக்க, உரோமானியப் புராணங்களின் மதுத் தெய்வமாகிய பாக்கஸ் தன் கூட்டத்துடன் வந்து, அவ்வாற்றின் மேல் கட்டிய பாலத்தைக் கொடிகளால் தகர்க்கிறான்.

நண்பர் அஞ்சிய பகுதி இதுதான். எனக்கோ மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். இரவு பதினொரு மணிக்கு, மறுநாள் அலுவலகம் இருப்பதையும் மறந்து, அந்த ஊர்வலத்தின் பின்னே நானும் போய்க்கொண்டிருந்தேன்.

இத்தகைய நூல்களைக் குறித்து 'பேகன்' என்ற சொல்லை ஆங்கிலத்தார் வழங்குவர். 'நாட்டுப்புறத்தான்' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அது. காலப்போக்கில் கிறித்தவரல்லாதவன், பல தெய்வங்களை வணங்குபவன் என்று பொருள் மாறிற்று. ஆற்றையும் மரத்தையும் வணங்குவதுதான் அச்சொல்லின் இலக்கணம் என்றால், காவிரிக்கு ஆடிப்பெருக்கில் படையலிடும் நாமும் அதற்குள் அடங்கியவர்களே. ஆதலின் நண்பரின் அச்சத்தைக் கேட்டு நான் உள்ளூரப் புன்னகைத்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. அப்புன்னகை நெடுநேரம் நீடிக்கவில்லை. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

அச்சத்திற்கு இடமே இல்லை என்று எளிதில் தள்ளிவிடலாகாது. அஞ்சியவர்கள் சிறியவர்கள் அல்லர். கிறித்தவத் திருச்சபையின் பேரறிஞராகிய அகஸ்டின், தம் வரலாற்றை உரைக்கும் நூலில் ஒன்றை நினைந்து வருந்துகிறார். இளமையில் வர்ஜில் என்னும் உரோமக் கவிஞரின் காவியத்தைப் படித்து, காதலால் உயிர்விட்ட டிடோ அரசிக்காக அழுதாராம். தம் ஆன்மா அழிந்துகொண்டிருந்ததற்கு அழவில்லையாம். கதையின் இன்பம் நம் கண்ணீரைக்கூட வேறு வாய்க்காலில் திருப்பிவிட வல்லது என்பதே அவர் கவலை.

நம் நாட்டிலும் இவ்வினா எழுந்ததுண்டு. அநபாய சோழன் சமண காவியமாகிய சீவக சிந்தாமணியை விரும்பிக் கேட்டு இன்புற்றிருந்தான் என்றும், அமைச்சராயிருந்த சேக்கிழார் அது கண்டு வருந்தி அவனைத் திருத்தினார் என்றும் சேக்கிழாரின் வரலாறு கூறும். மன்னன் சமணனாக மாறிவிடவில்லை. கதையைச் சுவைத்தான், அவ்வளவே. ஆயினும் அச்சுவை தீங்கற்றது என்று அமைச்சர் வாளாவிருக்கவில்லை. நாம் எதில் இன்பம் காண்கிறோமோ அதை நோக்கி நம் உள்ளம் மெல்லச் சாய்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார்.

மறுபக்கத்திலும் சான்றோர் உள்ளனர். நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த பசில் என்னும் ஆயர், கிரேக்கரின் பழைய நூல்களைக் கற்கும் கிறித்தவ இளைஞர்களுக்குத் தேனீயை எடுத்துக்காட்டினார். தேனீ எல்லா மலரையும் நாடுவதில்லை. நாடிய மலரையும் முழுதாக எடுத்துச் செல்வதில்லை. வேண்டியதைக் கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது. தமிழிலோ, சமணத் துறவி என்று மரபு போற்றும் இளங்கோவடிகள், வேட்டுவரின் கொற்றவையையும், ஆய்ச்சியரின் மாயோனையும், குறவரின் முருகனையும் அவரவர் வாய்மொழியாகவே பாடவைத்தார். அவரவர் பக்தியில் ஒரு துளியும் குறையாமல் பாடவைத்தார் என்பதே வியப்பு. நம் காலத்திற்கு அண்மையில், சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக விளங்கிய மு. மு. இஸ்மாயில் அவர்கள், இசுலாமியராக இருந்துகொண்டே கம்பனின் காவியத்தில் ஆழ்ந்து திளைத்து, சென்னைக் கம்பன் கழகத்தை நிறுவி வளர்த்ததைத் தமிழுலகம் அறியும்.

ஆகவே, ஒரு தெய்வத்தின் கதையைச் சுவைப்பது வேறு, அத்தெய்வத்தின்முன் முழங்காலிடுவது வேறு என்பது தெளிவு. ஆனால் இவ்வளவோடு நின்றுவிட்டால், கதை என்பது நம்மை ஒன்றும் செய்யாத வெறும் பொழுதுபோக்கு என்றாகிவிடும். அது உண்மையன்று என்பதற்கு லூயிஸின் வாழ்வே சான்று. 1898-இல் பெல்பாஸ்ட் நகரில் பிறந்த அவர், இளமையில் கடவுள் நம்பிக்கையை இழந்தவர். அந்நாளிலும் வடபுலத்துப் பழந்தெய்வங்களின் கதைகள் அவர் நெஞ்சை இன்னதென்று சொல்லமுடியாத ஓர் ஏக்கத்தால் நிறைத்தன. 1931-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஓர் இரவு, ஆக்ஸ்போர்டில், நண்பர்களாகிய டோல்கீனும் டைசனும் அவருடன் நடந்தவாறே பழங்கதைகளைப் பற்றி நெடுநேரம் உரையாடினர். மாண்டு மீளும் தெய்வத்தின் கதையைப் பழம் புராணங்களில் படித்து உருகும் நீ, அதே கதை வரலாற்றில் நிகழ்ந்ததென்றால் ஏன் மறுக்கிறாய் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். சின்னாட்களில் லூயிஸ் கிறித்தவரானார். அயல் தெய்வங்களின் கதைகள் அவரைத் தம் குடும்பத்தின் சமயத்திலிருந்து பிரிக்கவில்லை. சுற்று வழியாக அதனிடமே கொண்டுவந்து சேர்த்தன. கதை ஒருவனை அசைக்கவல்லது என்பதில் அகஸ்டின் கூறியது சரியே. எத்திசையில் அசைக்கும் என்பதைத்தான் முன்கூட்டிச் சொல்வதற்கில்லை.

அப்படியானால் நல்லதையும் தீயதையும் பிரித்தறியும் அளவுகோல் யாது? அதை அப்புதினத்திலேயே கண்டேன்.

அதில் நிகபிரிக் என்றொரு குள்ளன் வருகிறான். பழைய நார்னியன், அயலார் ஆட்சியில் இடுக்கண்பட்டு, வெறுப்பே உருவானவன். போரில் தோல்வி நெருங்குகிறது. எதிர்பார்த்த உதவி வரவில்லை. அப்போது அவன், நாட்டை ஒரு நூறாண்டு உறைபனியில் ஆழ்த்திய பழைய சூனியக்காரியையே மந்திரத்தால் எழுப்பித் துணைகொள்ளலாம் என்கிறான். யார் தெய்வம், எது அறம் என்பதெல்லாம் அவனுக்குப் பொருட்டன்று; வலிமை தருவது எதுவாயினும் வணங்கச் சித்தமாயிருக்கிறான். பாக்கஸும் பழையவன், சூனியக்காரியும் பழையவள். ஒன்றை மகிழ்ச்சியோடு வரவேற்கும் நூல், மற்றொன்றை உயிரைக் கொடுத்தும் தடுக்கிறது. பழமையோ அயன்மையோ இங்கே குற்றமாகவில்லை. அறத்தை விற்று ஆற்றலை வாங்குவதே குற்றமாகிறது. ஒரு நூலை எடைபோடுகையில் அதில் எந்தெந்தத் தெய்வங்களின் பெயர் இருக்கிறதென்று எண்ணுவது பயனற்ற வேலை. எதை நேசிக்கும்படி அது நம்மைப் பழக்குகிறது என்று பார்ப்பதே முறை.

இன்னோர் இடம். மதுத் தெய்வத்தின் ஆட்டம் நடந்துகொண்டிருக்கையில், சூசன் என்ற சிறுமி தன் தங்கையிடம், அஸ்லான் உடனில்லாமல் இவர்களைச் சந்தித்திருந்தால் எனக்குப் பாதுகாப்பாக இருந்திராது என்ற கருத்துப்படப் பேசுகிறாள். தங்கையும் ஒப்புகிறாள். பல பக்கங்கள் விரித்தெழுதவேண்டிய உண்மையை ஒரு சிறுமியின் வாயில் வைத்துவிட்டார் ஆசிரியர். பாக்கஸ் ஆபத்தற்றவன் என்று அவர் பொய் சொல்லவில்லை. எவருடைய துணையோடு அவனைச் சந்திக்கிறோம் என்பதே வேறுபாடு என்கிறார்.

மூன்றாம் நாள் மாலை நண்பரிடம் சென்று, இவ்வளவையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அண்ணாச்சி, உங்கள் மகனும் இந்த வரிசையைப் படிக்கிறானா?" என்று கேட்டார்.

"இனிமேல்தான் படிக்கவேண்டும்" என்றேன்.

"முதல் புத்தகத்தில், துரோகம் செய்த ஒரு பையனுக்காக அந்தச் சிங்கம் தன்னையே கொல்லக் கொடுத்து, மறுநாள் விடியலில் உயிரோடு எழுகிறது. அந்தச் சிங்கம் யாரென்று எங்கள் வீட்டுக் குழந்தைக்குச் சொல்லவேண்டியதில்லை. உங்கள் மகன் அந்தச் சிங்கத்தை நேசித்தால் உங்களுக்குச் சம்மதமா?"

நான் உடனே விடை சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை என்பதே உண்மை. மரத் தேவதைகளைக் கண்டு அவர் அஞ்சியபோது உள்ளூரப் புன்னகைத்தவன் நான். இப்போது சிங்கத்தின் பிடரிக்குள் இன்னொருவருடைய இறைவன் நிற்கிறார் என்றதும், என் நெஞ்சில் ஓர் இறுக்கம் தோன்றிற்று. ஒரே புத்தகத்தில் அவருக்கு அயலானவன் பாக்கஸ். எனக்கு அயலானது அஸ்லான். அன்று மாலை வரை, அச்சம் அவர் வீட்டுச் சொத்து என்றும், பரந்த மனம் என் வீட்டுச் சொத்து என்றும் எண்ணியிருந்தேன்.

அன்றிரவு ஒரு பழைய நினைவு எழுந்தது. எங்கள் ஊருக்கு வெளியே சுடலைமாடன் கோயில் ஒன்றுண்டு. கொடைக் காலத்தில் விடிய விடிய வில்லுப்பாட்டு நடக்கும். எங்கள் வீட்டில் அதற்குப் போகக்கூடாது. ஆடு வெட்டிப் படைக்கும் தெய்வம், சாராயம் கேட்கும் தெய்வம், நமக்கு ஆகாது என்பது என் தந்தையாரின் கட்டளை. பத்து வயதில், பாட்டியின் துணையோடு பின்கட்டு வழியே நழுவி, புளியமரத்தடி இருட்டில் நின்று அக்கதையைக் கேட்டேன். வில்லின் மணியோசையும் உடுக்கையின் அதிர்வும் இன்றும் காதில் உள்ளன. மறுநாள் காலையில் வழக்கம்போல நீறணிந்து பதிகம் பாடினேன். இரண்டிற்கும் பகை தோன்றவில்லை. பாட்டியின் கை என் தோள்மேல் இருந்ததால்தான் தோன்றவில்லை என்று இப்போது உணர்கிறேன். நாட்டுப்புறத்தான் தெய்வம் என்பதைத்தானே அந்த இலத்தீன் சொல் குறித்தது? அத்தெய்வம் ஐரோப்பாவில் மட்டும் இல்லை. எங்கள் வீட்டுப் பின்கட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது.

நண்பரின் வினாவுக்கு விடையாக நான் கண்டது சேக்கிழாரின் வழியே. அவர் சிந்தாமணியின் ஏடுகளைக் கொளுத்தச் சொன்னதாக வரலாறு இல்லை. அரசனின் கையிலிருந்த கதைக்கு எதிரே வேறொரு கதையை வைத்தார். அடியார்களின் வரலாற்றைச் சொன்னார். பெரிய புராணம் பிறந்தது. சிந்தாமணியும் அழியவில்லை. சைவப் பயிற்சியில் ஊறிய உ. வே. சாமிநாதையர், கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்று ஐயங்களைக் கேட்டுத் தெளிந்து, 1887-இல் அதைப் பதிப்பித்தார். அவர் சைவத்தை விட்டுவிடவுமில்லை. சமணரின் காவியத்தை அரைமனத்தோடு பதிப்பிக்கவுமில்லை. தமிழுக்கு இரு நூல்களும் கிடைத்தன.

ஊரை விட்டு வந்த நம் குடும்பங்களில் உள்ள குறை, பிள்ளைகள் அயல் கதைகளைப் படிப்பதன்று. சொந்தக் கதையைச் சொல்லும் குரல் வீட்டில் அடங்கிவிட்டதே குறை. காஸ்பியனின் செவிலியை அரசன் வெளியேற்றினான். நம் வீட்டுப் பாட்டிகளை யாரும் வெளியேற்றவில்லை. அவர்கள் ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அவர்கள் இடத்தில் நாம் அமரவில்லை. தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அமர்த்தினோம். வெறும் நிலத்தில் எந்த விதை விழுந்தாலும் அதுவே காடாகும். வேரூன்றிய மரத்தடியில் எத்தனை கொடி படர்ந்தாலும் மரம் மரமாகவே நிற்கும். ஆகவே, புத்தகத்தைப் பிடுங்கவேண்டாம். உடன் அமர்ந்து படியுங்கள் என்றேன்.

நண்பர் அவ்வாறே செய்தார். நோயுற்றுக் கிடக்கும் பழைய செவிலிக்குப் பாக்கஸ் கிணற்று நீரை முகந்து கொடுக்க, அது மதுவாக மாறியிருக்கும் இடத்தைப் படித்தபோது, நிறுத்தி, கானாவூர்க் கல்யாணத்தை மகளுக்கு நினைவூட்டினாராம். "அது எனக்கு முன்னமே தெரியும் அப்பா" என்றாளாம் அவள். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது நிம்மதியா, சற்று வெட்கமா என்று என்னால் பிரித்தறிய இயலவில்லை.

என் மகனும் அவ்வரிசையைப் படிக்கத் தொடங்கிவிட்டான். சிங்கம் யார் என்று அவனிடம் நானே சொன்னேன். மறைத்துக் கொடுப்பது நேர்மையன்று என்று தோன்றிற்று. "பக்கத்து வீட்டுக்காரர்கள் நேசிக்கும் இறைவன் இவர், அந்த மரியாதையோடு படி" என்றேன். ஞாயிறுதோறும் பெரிய புராணத்தில் ஒரு கதை சொல்லி வருகிறேன். என் இறுக்கம் முற்றிலும் தீர்ந்ததென்று சொல்லமாட்டேன். ஆனால் அதன் பெயர் எனக்கு இப்போது தெரியும். அது எதிர் வீட்டிலும் வாழ்கிறது என்பதும் தெரியும்.

சென்ற வாரம் கண்ணப்பர் கதை. வேடர், தாம் சுவைத்துப் பார்த்த இறைச்சியைக் காளத்திநாதருக்குப் படைத்ததையும், இறைவன் அதை உவந்து ஏற்றதையும் சொல்லி முடித்தேன். மகன் சற்று நேரம் எண்ணிக்கொண்டிருந்துவிட்டு, "அப்பா, இவர் கறி படைத்தது பக்தி என்றால், சுடலைமாடனுக்குப் படைப்பதைத் தாத்தா ஏன் ஆகாது என்றார்?" என்று கேட்டான்.

அவனுக்கு இன்னும் விடை சொல்லவில்லை. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகையில், கொடைக் காலமாக இருந்தால், அவன் தோள்மேல் கை வைத்துக்கொண்டு அந்தப் புளியமரத்தடிக்குப் போகலாம் என்றிருக்கிறேன்.